திரை வந்தது, ஆசிரியர் எங்கே?

வன்னியிலே ஒரு பாடசாலை. அதன் பெயரை இங்கே எழுத நாம் விரும்பவில்லை; எழுதினால் தொல்லைப்படுபவர் அங்குள்ள அதிபரே. அப்பாடசாலையின் அறையொன்றிலே பெரியதொரு திறன்பலகை சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. அறைக்கதவு பூட்டப்பட்டிருக்கிறது. திறப்போ அதிபரின் மேசை லாச்சியிலே கிடக்கிறது. பெரிய உத்தியோகத்தர் எவரேனும் வருகை தரும் நாளிலே கதவு திறக்கும், துணி நீங்கும், திரையிலே ஒளி பிறக்கும். வந்தவர் வாகனம் ஏறியதும் துணி மீண்டும் ஏறும். அந்தப் பாடசாலையிலே அவ்வாண்டு முழுவதும் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை!

அதிபரை ஏளனஞ் செய்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. அவர் ஏன் பூட்டி வைக்கிறார்? பழுதுபட்டால் திருத்துவதற்கு ஆள் இல்லை. திருத்துவதற்குப் பணமும் இல்லை. ஆனால் பழுதுக்கு விளக்கம் எழுத வேண்டியவர் அவர். பயன்படுத்தாத பொருள் பழுதுபடாது என்பது அவர் கண்ட பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை அவருக்குக் கற்பித்தது யார்? பாடசாலையிலே எத்தனை பொருள்கள் உள்ளன என்று எண்ணுகிற, எத்தனை பிள்ளைகள் கற்றார்கள் என்று எண்ணாத நிருவாகமன்றோ?

"தொழில்நுட்பம் வகுப்பறைக்குள் வந்தால் மாணாக்கர் உள்ளம் பாடத்திலே பதியும், சோம்பல் நீங்கும், ஊக்கம் பிறக்கும்" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நாம் கேட்கிறோம்: கண்ணை ஈர்ப்பதும் கருத்திலே பதிப்பதும் ஒன்றா? திருவிழா வாணவேடிக்கையும் பிள்ளையின் கண்ணை ஈர்க்கத்தான் செய்கிறது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளை இரசாயனம் கற்றது? புதுமையின் கவர்ச்சி சில வாரங்களில் ஓய்ந்துவிடும். அதன்பின் எஞ்சுவது பாடமும், அதனைச் சொல்லிக் கொடுப்பவரும், விளங்காத பிள்ளையின் முகத்தைப் பார்த்து மறுபடியும் வேறு வழியிலே விளக்குகின்ற பொறுமையுமே.

இத்தகைய வாக்குறுதிகள் புதியனவுமல்ல. 1913 ஆம் ஆண்டிலேயே தோமஸ் அல்வா எடிசன், சலனப் படம் வந்துவிட்டபடியால் பாடசாலைகளிலே புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்து போகும் என்று ஆரூடம் கூறினார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன, புத்தகம் இருக்கிறது. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது "இனிக் கல்வி மாறிவிடும்" என்றார்கள். அவற்றால் பயன் விளையவில்லை என்று நாம் கூறவில்லை. நல்ல ஆசிரியர் கையிலே அவை நல்ல கருவிகளாயின. ஆசிரியர் இல்லாத இடத்திலே அவை தட்டுமுட்டுச் சாமான்களாயின.

பெரு நாட்டின் கதையை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. அந்நாட்டு அரசாங்கம் 2008 முதல் இலட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கிற்று. பின்னர் 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012 இல் அறிக்கை வெளியிட்டனர். நூறு பிள்ளைகளுக்கு 12 கணினி என்றிருந்த இடத்தில் 118 கணினிகள் குவிந்தன. ஆயினும் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகள் முன்னேறியமைக்குச் சான்று கிடைக்கவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது. கற்பிக்கும் முறை போய்ச் சேரவில்லை. 2023 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் தன் உலகக் கல்வி அறிக்கையில் இதே எச்சரிக்கையை விடுத்தது. செல்வம் கொழிக்கும் சுவீடனும் அதே ஆண்டிலே திரைகளைக் குறைத்து, அச்சிட்ட பாடநூல்களை மீண்டும் வகுப்பறைக்குக் கொணர நிதி ஒதுக்கிற்று. வாங்கக்கூடிய நாடு யோசிக்கிறது. கடன்பட்ட நாடு நாடா வெட்டுகிறது!

நமது நாட்டிலே நடந்தவற்றைச் சற்று நிரைப்படுத்திப் பார்ப்போம். 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பாடத்துறை தொடங்கப்பட்டது. நல்ல எண்ணமே. ஆனால் பாடத்துறை வந்த பின்னரே அதனைக் கற்பிப்பவரைத் தேடத் தொடங்கினார்கள். 2017 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்திலே உயர்தர மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் டப் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வீடுதோறும் சென்றது, கணினி செல்லவில்லை. 2020 மார்ச் மாதத்திலே கொரோனா வந்து பாடசாலைகளை மூடியபோது உண்மை வெளிப்பட்டது. நாட்டின் வீடுகளிலே ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் கணினி இருந்தது. தந்தையின் கைத்தொலைபேசிக்காகப் பிள்ளை மாலைவரை காத்திருந்தது. சமிக்ஞை தேடி மரத்திலும் மலைப்பாறையிலும் ஏறிய மாணாக்கரின் படங்களைப் பத்திரிகைகளிலே கண்டோம். 2022 மார்ச் இறுதியிலே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அதே மாதத்திலே கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். கடதாசிக்கே வழியில்லாது போன நாட்டிலே திரையை மட்டும் நம்பிக் கல்வியை நடத்துவோம் என்பவர் எந்த உலகத்திலே வாழ்கிறார்?

இதிலே இன்னொரு கேடும் மறைந்து நிற்கிறது. 1945 இலே, கன்னங்கராவின் முயற்சியால், காசில்லாதவன் பிள்ளையும் கற்கலாம் என்ற இலவசக் கல்வி இந்நாட்டிலே நிலைநாட்டப்பட்டது. கமக்காரன் மகன் வைத்தியனானதும், தபாற்காரன் மகள் பொறியியலாளரானதும் அதனாலேதான். இன்றோ பாடம் கைத்தொலைபேசிக்குள்ளே போகிறது. அப்பியாசம் வாட்சப்பிலே வருகிறது. டேட்டாவுக்குப் பெற்றார் பணம் கட்டுகிறார்கள். பாடசாலைக் கதவிலே வாங்காத கட்டணத்தைத் தொலைபேசிக் கம்பனி வாங்குகிறது. இதனை இலவசக் கல்வி என்று எந்த நாவினால் சொல்வது?

மொழியின் கதியையும் பாருங்கள். பாடநூல்களின் தமிழ் மொழிபெயர்ப்பிலே பிழைகள் மலிந்திருப்பதை நம் ஆசிரியர்கள் நெடுங்காலமாக எடுத்துக்கூறி வந்திருக்கிறார்கள். நூலிலே உள்ள பிழையை ஆசிரியர் சுண்ணக்கட்டி எடுத்துக் கரும்பலகையிலே திருத்திவிடலாம். எங்கோ ஒலிப்பதிவாகி, எவராலோ அவசரத்தில் தமிழாக்கப்பட்டுத் திரையிலே ஓடுகின்ற பாடத்தை யார் திருத்துவது? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியர் தமிழிலே சிந்தித்து ஆக்கிய பாடம் வேண்டும். மிச்சப்பட்ட நேரத்திலே செய்த மொழிபெயர்ப்பு வேண்டா.

"அப்படியானால் நீங்கள் விஞ்ஞானத்தின் விரோதிகளா?" என்று கேட்பாருளர். அல்லவே அல்ல! டில்லி மாநகரிலே 2015 இல் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்திலே சராசரி இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியறிந்து, அந்தப் படியிலிருந்தே வினா எழுப்பும் கணினிப் பாடத்தை மாலை நிலையங்களிலே பயிற்றினார்கள். நாலரை மாதத்திலே கணிதத்திலும் இந்தியிலும் கண்கூடான முன்னேற்றம் விளைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கணினியின் முன் 45 நிமிடம், அதன் பின்னர் ஒரு துணை ஆசிரியரின் முன் 45 நிமிடம். பிள்ளைக்கேற்ற பாடமும் அருகிலே ஒரு மனிதரும் சேர்ந்திருந்தபோது பயன் கிடைத்தது. இதுவே நமது வாதம்.

கமக்காரப் பெருமக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே கிணற்றின் ஊற்று எவ்வளவு, தோட்டத்தின் தாகம் எவ்வளவு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். 1950 களிலே நீரிறைக்கும் இயந்திரம் யாழ்ப்பாணத்திலே பரவிற்று. உடல் வருத்தம் குறைந்தது. வெங்காயமும் மிளகாயும் பெருகின. நன்மையே. ஆனால் ஊற்றின் அளவை மறந்து இறைத்த இடங்களிலே சுண்ணாம்புக் கல்லினூடே கடல்நீர் ஏறிக் கிணறு உவர்த்தது. குற்றம் இயந்திரத்தினதா? அல்ல, அளவறியாது இறைத்தவனது. வகுப்பறையும் அத்தகையதே. பிள்ளையின் நிலையறிந்தவர் கையிலே திரை நன்னீர் இறைக்கும். அறியாதவர் கையிலே அது உவரைத்தான் கொண்டுவரும்.

படித்துப் பதவி பெற்ற நண்பர்களுக்கும் ஒரு சொல். வைத்தியர்களும் பொறியியலாளரும் கணக்காளரும் பழைய மாணவர் சங்கங்களிலே கூடித் தாம் கற்ற பாடசாலைக்குத் திறன்பலகை வாங்கிக் கொடுக்கிறீர்கள். கடல்கடந்து வாழ்வோரும் மனமுவந்து பணம் அனுப்புகிறார்கள். உங்கள் நன்றியுணர்வை நாம் போற்றுகிறோம். ஆனால் கொடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அங்கே சென்று பார்த்தீர்களா? அந்தப் பலகையிலே வாரத்துக்கு எத்தனை பாடவேளை கற்பிக்கப்பட்டது என்று கேட்டீர்களா? நோயாளிக்கு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு அதனை இயக்குபவர் இல்லாமல் விட்டால் நீங்கள் பொறுப்பீர்களா? வைத்தியசாலையிலே பொறாததை வகுப்பறையிலே மட்டும் ஏன் பொறுக்கிறீர்கள்? பலகைக்குச் செலவிட்ட பணத்திலே ஒரு பாதியையாவது ஆசிரியர் பயிற்சிக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கியிருந்தால் அந்த வெள்ளைத் துணிக்கு வேலை இருந்திராது.

அரசாங்கத்தின் பொறுப்பை நாம் மன்னித்துவிடவில்லை. 1987 இன் 13 ஆவது திருத்தம் மாகாணப் பாடசாலைகளை மாகாண சபையிடம் ஒப்படைத்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் தெரிந்த சபை இல்லாத ஆண்டுகளிலே, ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கமக்காரன் யாரைக் கேட்பது? கேள்வி கேட்பார் இல்லாத இடத்திலே திறப்பு விழாக்கள் செழிக்கும்; வகுப்பறைகள் வாடும்.

ஆதலால் நாம் வேண்டுவன இவை. முதலாவது, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு முதலில் ஆசிரியரை அனுப்புங்கள். பின்னர் திரையை அனுப்புங்கள். இரண்டாவது, கருவியோடு பயிற்சியையும் ஐந்தாண்டுத் திருத்தச் செலவையும் சேர்த்தே வழங்குங்கள். நேர்மையாகப் பயன்படுத்தும்போது பழுதுபட்டால் அதிபரைத் தண்டியாதீர்கள். மூன்றாவது, பாடங்களைத் தமிழ் ஆசிரியர்களைக் கொண்டே தமிழில் ஆக்குங்கள். நான்காவது, வீட்டிலே கணினியில்லாத பிள்ளை பாடசாலை முடிந்த பின்னும் அங்கேயே இருந்து காசின்றிக் கற்க வழி செய்யுங்கள்.

பெற்றாரே, உங்கள் கையிலும் ஓர் ஆயுதம் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தோட்டவேலையை ஒரு மாலை ஒதுக்கிவைத்துச் செல்லுங்கள். எழுந்து நின்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "அந்த அறை இந்த வாரம் எத்தனை முறை திறக்கப்பட்டது?" பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள். பூட்டிய அறைக்குள்ளே உறங்குவது அரசாங்கத்தின் பொருளன்று. உங்கள் பிள்ளையின் எதிர்காலம்.