சொல்லை எண்ணுவதா, சொன்னவரை எண்ணுவதா?

எழுத முற்படும் மாணவருக்கு இன்று எமது மத்தியிலே வழங்கப்படும் அறிவுரைகளுள் முதன்மையானது, நாளொன்றுக்கு இத்தனை சொல் எனக் குறிக்கோள் வகுத்துக்கொண்டு, அதனைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள செயலியொன்றினாற் கண்காணித்து வருக என்பதாகும். இலக்கை எட்டினாற் பச்சைக் கோடு வளரும். பல நாள் தொடர்ந்து எழுதினாற் பதக்கம் தோன்றும். ஒருநாள் தவறினால் தொடர் அறுந்து பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். கூறுவோர் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றனர். ஆயினும் அவர்கள் எம் கையிலே தருவது இன்னொரு மொழிக்கென ஆக்கப்பட்ட அளவுகோல். அது எமது மொழியையும் பிழையாக அளக்கிறது. எமது தேவையையும் பிழையாக அளக்கிறது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர்ப்புறத்திலே 21 பேர் கூடி, ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் நாவலொன்றை எழுதிவிடுவதெனத் தொடங்கிய விளையாட்டு, ‘நானோரைமோ’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. 50,000ஐ முப்பது நாளாற் பிரித்தால் நாளுக்கு 1,667 சொல். இணையத்தளம் எண்ணிக்கையைப் பெற்றுக் கோடு வரைந்தது. 2009இல் ‘750 வேர்ட்ஸ்’ என்ற தளம் தோன்றிற்று. நாளுக்கு 750 சொல், அதாவது ஆங்கிலத்தில் ஏறத்தாழ மூன்று பக்கம். இவை பலரை எழுதவைத்தன என்பதை யான் மறுக்கவில்லை. முதல் வரிக்கே அஞ்சியிருப்பவரை மேசைக்கு இழுத்துவர இவற்றால் இயலும். நானோரைமோவை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது. அது விட்டுச்சென்ற எண்ணிக்கைப் பழக்கம் மட்டும் எம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலிலே மொழியை நோக்குவோம். ‘எழுதிக்கொண்டிருந்தானல்லவா’ எனச் சேர்த்து எழுதினாற் செயலிக்கு அது ஒரு சொல். ‘எழுதிக் கொண்டு இருந்தான் அல்லவா’ எனப் பிரித்தால் நான்கு. பொருளிலே மாற்றமில்லை, உழைப்பிலும் மாற்றமில்லை, இடைவெளிக் கட்டையை மூன்றுமுறை தட்டியவருக்குப் பரிசு கிடைக்கிறது! சொல்லெண்ணிக்கையாற் கூலி கொடுப்பின், சொல்லை முறித்துக் கொடுப்போர் பெருகுவர். எழுத்தை எண்ணினால் வந்து சேரும் கூத்து இதனினும் பெரிது. ‘தமிழ்’ என்பது மூன்றெழுத்து என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கணினிக் குறியீட்டு முறையை அப்படியே எண்ணும் கருவி அதனை ஐந்து என்னும். கொம்பும் விசிறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி உருப்படிகள். ஆங்கில வழி மாணவருக்கும் தமிழ் வழி மாணவருக்கும் ஆய்வேட்டுக்கு ஒரே சொல்லெல்லை விதிக்கப்படுமானால், தமிழில் எழுதுவோர் அதே எல்லையினுள்ளே கூடுதலாக எழுதவேண்டியவராகின்றார். இதனைத் துறைத் தலைவர்கள் சிந்தித்தல் வேண்டும்.

எண்ணுதல் தமிழுக்கு அந்நியமானதன்று என்பதையும் ஈண்டு கூறவேண்டும். திருவாய்மொழி வியாக்கியானங்களின் பெயர்களே எண்களல்லவா? ஆறாயிரப்படி, ஒன்பதாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. ஒற்றெழுத்து நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. இது எமது மொழியின் இயல்பறிந்து வகுத்த அளவு. இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் மாறாதது. அன்றியும், நூல் முடிந்தபின் அதன் பரப்பைச் சுட்டுவதற்கு வழங்கிய அளவு அது. எழுதுகிறவரின் முதுகிலே நாள்தோறும் தட்டுவதற்கு ஏற்பட்டதன்று. முப்பத்தாறாயிரப்படி உருவான விதமும் மனங்கொள்ளத்தக்கது. நம்பிள்ளை பகலிலே சொன்ன விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை கேட்டிருந்து இரவிலே எழுதிவைத்தார் என்பது வைணவ மரபு. கேட்டதனாற் பிறந்த நூல் அது.

கேட்டல் என்ற அத்தொழிலைத்தான் இச்செயலிகள் அறியமாட்டா. யானும் தீவகத்தவனாதலின் எனது மண்ணிலிருந்தே சொல்கிறேன். குறிகட்டுவானிலிருந்து காலைப் படகேறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலிற் சென்று நெடுந்தீவிலே இறங்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் கடலின் நிறம் எப்படி மாறும், எக்காற்றில் எந்த வலை என முதியவரொருவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டிருக்கிறாள். பவளக் கல்லை அடுக்கி எழுப்பிய வேலியை யார் கட்டினர், எந்தக் கிணறு எக்காலத்தில் உவர்த்தது என்று இன்னொரு மூதாட்டி சொல்கிறார். கடைசிப் படகிலே திரும்புகிறாள். அன்றிரவு அவளது செயலி காட்டுவது பூச்சியம், தொடரும் அறுந்துவிட்டது. அதேநாளில் விடுதி அறையிலே இருந்தபடி பழைய கட்டுரை மூன்றைக் கலக்கி ஆயிரம் சொல் பெருக்கியவனுக்குப் பதக்கம். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்கள் எமது தீவுகளில் உண்டென்பதையும் அச்செயலிக்கு யார் சொல்வது? கரம்பனிலே 1913இற் பிறந்த தனிநாயக அடிகள், ஐரோப்பிய நூலகங்களிற் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடித் திரிந்த நாட்களும் இந்தக் கணக்கிலே வெறும் நாட்களே.

இஃது அவசரமான காரியம். 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிலே நிகழ்ந்த கொலையில் உயிர்தப்பியவர் ஒருவருக்கு அன்று இருபது வயதெனின், அவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். 1990இல் ஊர்காவற்றுறை முதலிய ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தோருட் பலர் மீளவில்லை. குறிச்சிப் பெயர்களை அறிந்தவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் மூப்படைகின்றனர். நாளுக்கு ஆயிரம் சொல் எழுதும் பத்துப் பேர் எமக்குக் கிடைத்தாலும், இவர்களிடம் ஒருவரும் செல்லாவிட்டால் அச்சொற்கள் எதைப் பற்றியவை?

‘வெண்முரசு இல்லையா?’ எனச் சிலர் வாதிடுவர். ஜெயமோகன் 2014 ஜனவரி தொடங்கி 2020 ஜூலை வரை, நூல்களுக்கிடையிற் சிறு இடைவெளிகளோடு, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 26 நாவல்களை இணையத்தில் வெளியிட்டமை உண்மை. ஆனால் வாசகர் மறுநாட் காலை எதிர்பார்த்திருந்தது அத்தியாயத்தை, சொற்றொகையை அன்று. அத்தியாயத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு; ஆயிரம் சொல்லுக்கு அவை இல்லை. இவ்வுதாரணம் அவர்கள் கட்சிக்கன்றி எனது கட்சிக்கே வலுச்சேர்க்கிறது.

கருவியை எறிந்துவிடுக என்று யான் கூறவில்லை. ஊக்கம் வரும்போது எழுதுவேன் எனக் கட்டிலிற் கிடப்போருக்கு இக்கட்டுரையில் இடமில்லை. குறிக்கோளும் வேண்டும், கணக்கும் வேண்டும்; எண்ணப்படும் பொருளே மாறவேண்டும். எல்லோரிடமும் உள்ள சாதாரண விரிதாள் போதுமானது. நிரலுக்கு ஒருவராக முதியோர் பெயர். எதிரே ஐந்து கட்டம்: சந்தித்தாயிற்றா, குரல் பதிந்தாயிற்றா, எழுத்தாக்கியாயிற்றா, சொன்னவருக்கு வாசித்துக்காட்டித் திருத்தியாயிற்றா, சேமிப்பிற் கொடுத்தாயிற்றா. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருவதால், கொடுப்பதற்கு இடமில்லை என்ற சாட்டும் இல்லை. குரலைப் பதிய வேறு பொறி வேண்டியதில்லை. பதக்கம் காட்டும் அதே கைத்தொலைபேசி போதும். ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்கப் பல மணித்தியாலம் செல்லும். தீவகப் பேச்சுவழக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் அது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும் என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். இவ்வாண்டு கள ஆய்வு முடித்து வரும் மாணவரிடம் “எத்தனை சொல் எழுதினீர்?” என்று தொடங்காது, “யார் யாரைக் கேட்டீர், இன்னும் யார் எஞ்சியிருக்கின்றனர்?” என்று தொடங்குங்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலுமாக இவ்விரண்டாவது வினாவுக்குரிய பட்டியலைத் தயாரிக்கும் வேலைக்குத் தீவக மாணவர் முன்வருவர். படகுக் கூலியும் பதிவுகளைக் காப்பதற்கான இடமும் தமிழ்ச் சங்கம் பொறுப்பேற்கவேண்டியவை.