நடுவானில் 'டெக்னிக்கல் கோளாறு': கேப்டன் எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார்?

2024 அக்டோபர் 11 மாலை. திருச்சியிலிருந்து 140-க்கும் மேற்பட்டோருடன் ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்து, பிறகு பத்திரமாகத் தரையிறங்கியது. கீழே டிவி சேனல்கள் எல்லாம் லைவ். ஆனால் மேலே இருந்தவர்களுக்கு ஒரே 'சேனல்' விமானியின் குரல்தான். அந்தக் குரல் எப்போது, எவ்வளவு பேசும்?

ஏன் வட்டமடித்தது?

சக்கரம், பிரேக், இறக்கை மடிப்புகள் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்குவதுதான் ஹைட்ராலிக் அமைப்பு. போயிங் 737 விமானத்தில் இரண்டு பிரதான அமைப்புகளும், ஒரு ஸ்டாண்ட்பையும் உண்டு. ஒன்று பழுதானால் உடனே விபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் எரிபொருள் நிரம்பிய எடையோடு இறங்குவது ரிஸ்க். 737-ல் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும்.

உடனே ஏன் சொல்வதில்லை?

விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து திசையைப் பார், அதன் பிறகே பேசு. கோளாறு வந்ததும் செக்லிஸ்ட்டைப் பார்க்கவும், கட்டுப்பாட்டு அறையுடன் பேசவும் நேரம் போகும். அடுத்து கேபின் குழுவுக்கு நான்கு விஷயம் சொல்வார்கள்: என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், சிறப்பு அறிவுரை என்ன. பயணிகளுக்கு வருவது பெரும்பாலும் இதன் சுருக்கம்தான்.

ஒரே சம்பவம், இரண்டு வார்த்தை

திருச்சியில் விமான நிலையம் அவசரநிலை அறிவித்து, ஆம்புலன்ஸ்களையும் தீயணைப்பு வண்டிகளையும் நிறுத்தியது. விமான நிறுவனமோ, 'விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை. இது முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்' என்றது. விமானி கேட்காமலேயே தரையில் முழு ஏற்பாடும் நடக்கலாம் என்பதால், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் இதை யாராவது விளக்கினால்தானே பயணியின் குடும்பத்துக்குப் புரியும்?

2025 ஆகஸ்ட் 10 அன்று, திருவனந்தபுரம்–டெல்லி ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டது. முதல் தரையிறக்க முயற்சி கைவிடப்பட்டது. ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றதாக கேப்டனே அறிவித்தார் என்றார், பயணம் செய்த எம்.பி. கே.சி.வேணுகோபால். அப்படி எதுவும் இல்லை என்றது நிறுவனம். சொன்னதும் மறுத்ததும் முரண்பட்டால், பயணி யாரை நம்புவது?

அதற்காக, மறைத்தால்தான் பீதி வராது என்று சொல்லிவிட முடியாது. 1982 ஜூன் 24-ல், லண்டனிலிருந்து ஆக்லாந்து சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் இந்தோனேசியா அருகே எரிமலைச் சாம்பலில் சிக்கி, நான்கு இன்ஜினும் நின்றன. கேப்டன் எரிக் மூடி அதை மறைக்காமல், பதற்றமில்லாத குரலில் பயணிகளிடமே சொன்னார். பிறகு இன்ஜின்கள் உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது.

யாருக்குப் புரிகிற மொழியில்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சங்கராபுரத்திலிருந்தோ, கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்தோ வளைகுடா வேலைக்குப் போகிறவர் திருச்சிக்கோ சென்னைக்கோதான் வர வேண்டும். அவருக்கு அது முதல் விமானப் பயணமாகக்கூட இருக்கலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வேகமாக ஓடும் அறிவிப்பில் 'டெக்னிக்கல்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தால், மீதியைப் பயம் நிரப்பிக்கொள்ளும். சில விமானிகள் தமிழில் பேசிய அறிவிப்புகள் வைரலாகின்றன. சாதாரண நாளில் அது சந்தோஷம். கோளாறு வந்த நாளில் அது தேவை.

நீங்கள் என்ன செய்யலாம்?

அறிவிப்பு புரியவில்லையா? கேபின் குழுவைக் கூப்பிட்டு, அந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பக்கத்து சீட்காரருக்குப் புரியவில்லை என்றால் தமிழில் சொல்லுங்கள். தரையில் இருக்கும் குடும்பத்தினர், ஃபார்வர்டு மெசேஜை விட விமான நிறுவனத்தின் உதவி எண்ணை முதலில் முயற்சி செய்யுங்கள்.