தண்டல் கணக்குக்குப் பாடநூலில் இடம் எங்கே?

10,000 ரூபாய் தண்டல் கேட்டால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றித் தள்ளுவண்டி போட்டிருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் கையில் வந்தது 8,500. அதுவும் தினம் கட்டக் கட்டக் குறைந்துகொண்டே போகிறது. 100 நாளுக்குச் சராசரி பார்த்தால் நிலுவையில் இருப்பது அதில் பாதிதான். இவ்வளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

நம் எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றே ஓர் இயல் உண்டு. கூட்டுவட்டி, தள்ளுபடி, சரக்கு மற்றும் சேவை வரி எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும், வீட்டில் வாங்கிய தண்டலுக்கு என்ன வட்டி என்று கேட்டால் கை ஓடாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கட்டுவது எவ்வளவு வட்டி என்றே தெரியாதவர் எந்தச் சட்டத்தை நம்பி எங்கே போய்ப் புகார் கொடுப்பார்?

கணிதத்துக்கான பாடப்பொருளில் ஒரு பங்கையாவது அந்தந்த மாவட்டத்திலேயே உருவாக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான். ஆப்பிளை எடுத்துவிட்டுக் கொய்யாவை வைப்பதும், ராமுவுக்குப் பதில் மீனாட்சி என்று பெயர் மாற்றுவதும் இதில் சேராது. தெருவில் உண்மையிலேயே போடப்படும் கணக்கு வகுப்பறைக்குள் வர வேண்டும்.

இது வெறும் உள்ளூர்ப் பாசம் அல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் விற்பனை செய்த சிறுவர்களை ஆராய்ந்தவர்கள் 1985-இல் வெளியிட்ட முடிவு உலகறிந்தது. வியாபாரத்தின்போது அந்தச் சிறுவர்கள் போட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றியது. அங்கும் சந்தைக் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஏட்டுக் கணக்கில் திணறினார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டில் ஓரளவு சமாளித்துவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாதை போட வேண்டியது பள்ளியின் வேலை. அதற்கான புத்தகம்தான் நம்மிடம் இல்லை.

பண்பாடு சார்ந்த கணிதம் என்றதும் சிலருக்குப் பழம்பெருமை பொங்கிவிடுகிறது. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு என்று பாடத்தின் ஓரத்தில் கட்டம் போட்டுக் காட்டுவதால் எந்தப் பிள்ளைக்கும் பின்னம் புரிந்துவிடாது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் ஒரு வழி சொல்கிறது: பலாப்பழக் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் எண்ணிக்கை வந்துவிடுமாம். இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது மேடைக்குச் சரி. வகுப்பில் நான்கு பலாப்பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்கட்டும். பொருந்தினால் எவ்வளவு பொருந்துகிறது, பொருந்தாவிட்டால் எவ்வளவு விலகுகிறது என்று பிள்ளைகளே அட்டவணை போடட்டும். (சுளை மிச்சம் இருக்கும் என்பதற்கு நாம் உறுதி தர முடியாது.)

கோலத்திலும் சரக்கு இருக்கிறது. நடுவில் 7, இருபுறமும் இடைப்புள்ளியாக 4 வரை வைத்தால் மொத்தம் 37 புள்ளி. 9-இல் தொடங்கி 5 வரை வைத்தால் 61. 11-இல் தொடங்கி 6 வரை என்றால் 91. முதலில் 24 கூடியது, அடுத்து 30. அதற்கடுத்து எவ்வளவு கூடும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் அங்கேயே இயற்கணிதம் தொடங்கிவிடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1974-இலேயே கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் நம் பள்ளியில் கோலம் பொங்கல் போட்டியோடு நின்றுவிடுகிறது.

உள்ளூர்க் கணக்கையே படித்தால் பிள்ளைகள் உள்ளூரிலேயே தேங்கிவிடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் எழும். அதில் நியாயம் இருக்கிறது. பூ விற்பவர் மகளுக்கு முழக் கணக்கு, அதிகாரி மகனுக்குப் பங்குச் சந்தைக் கணக்கு என்று பிரித்தால் அது குலக்கல்வியின் மறுபிறப்பு. எனவே டி.வி.எஸ். நகர்ப் பிள்ளையும் தண்டல் கணக்கைப் போட வேண்டும். தள்ளுவண்டிக்காரர் பிள்ளையும் அந்தக் கணக்கிலிருந்து கூட்டுத்தொடர் வரை போய்ச் சேர வேண்டும். தெருவில் தொடங்கித் தெருவிலேயே முடிகிற பாடம் அரைகுறைப் பாடம்தான்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். டி.கல்லுப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கணக்கை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்தோ, நகைக்கடைச் சேதாரச் சீட்டிலிருந்தோ, சுங்குடிச் சேலையிலிருந்தோ எடுத்து வரச் சொன்னாலே ஒரு பயிற்சி நூல் சேர்ந்துவிடும். அதை மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு பருவம் நடத்திப் பார்த்துத் திருத்தலாம்.

ஒன்று மட்டும் உறுதி. தேர்வில் வராத பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்த மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே, வரும் கல்வியாண்டில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பருவத் தேர்வில், மாவட்ட நூலிலிருந்து ஒரு கேள்வியாவது கட்டாயம் இடம்பெறும் என்று பள்ளிக் கல்வித் துறை இப்போதே அறிவிக்க வேண்டும்.