மரத்துப் பரண்: எத்தனை அடி உயரம்?

ஒன்ராறியோவின் சிற்றூர் ஒன்றில் வாழும் வாசகர் ஒருவர் எமக்கு மடல் எழுதியிருக்கிறார். தம்முடன் தொழிற்சாலையில் வேலை செய்யும் கனடிய நண்பர் மான் வேட்டைக்கு அழைக்கிறார் என்றும், வேட்டைப் பயிற்சியும் தேர்வும் முடித்து அனுமதிப்பத்திரம் பெற்றுவிட்டதாகவும், பரணை மரத்தில் எத்தனை அடி உயரத்தில் அமைப்பது என்பதில் மட்டும் தெளிவில்லை என்றும் குறிப்பிடுகிறார். "உயர உயர நல்லது" என்கிறாராம் நண்பர். "விழுந்தால் யார் பார்ப்பது?" என்கிறாராம் துணைவியார். இருவர் கூற்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

பரண் எமக்குப் புதிதன்று. தினைப்புனம் காத்த இதணம் சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் உண்டு. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காக்க வன்னியிலும் மட்டக்களப்பிலும் பரணில் இரவைக் கழித்தோர் எம் வாசகரிடையே இருப்பர். அட்டாளைச்சேனை என்னும் ஊர்ப்பெயரிலேயே காவற்பரண் நிற்கிறது. ஆயினும் அந்தப் பரண் விலங்கை விரட்டுவதற்கானது. அங்கே ஆள் இருப்பது தெரிந்தால் நன்று. இந்தப் பரண் விலங்கை அருகே வரவிடுவதற்கானது. ஆள் இருப்பது தெரியவே கூடாது.

வெண்வால் மானின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியை அது காணும். சிறு அசைவும் தப்பாது. மூக்கு அதனினும் கூரியது. துப்பாக்கிக்காரர் தொலைவிலிருந்தே சுடலாம். வில் ஏந்தியவரோ மான் 60, 70 அடிக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும். உயரத்தில் இருந்தால் மானின் வழக்கமான பார்வைக்கு மேலாக இருக்கலாம். மனித வாடையும் ஓரளவு தலைக்கு மேலாகக் கடந்து போகும். நண்பர் சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆனால் காற்றின் போக்கறியாமல் அமைத்த பரணுக்கு 30 அடி உயரமும் உதவாது.

இனி உயரத்தால் வரும் கேட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பரணின் பலகை ஏறத்தாழ 18 அடியில் இருந்தால், எழுந்து நின்று பிடிக்கும் வில் மானின் மார்பு மட்டத்துக்கு மேல் 20 அடியளவில் இருக்கும். மான் 60 அடி தொலைவில் நின்றால் அம்பு சாயும் கோணம் 18 பாகை. அதே மான் 30 அடிக்கு நெருங்கினால் 34 பாகை. வில்லின் உயரத்தையும் 30 அடியாக்கினால் 45 பாகை ஆகிவிடும். பக்கவாட்டில் நிற்கும் மானை மிதமான கோணத்தில் தைக்கும் அம்பு இரு நுரையீரல்களையும் ஊடுருவும். விலங்கு விரைவில் விழும். செங்குத்தாக இறங்கும் அம்போ ஒரு நுரையீரலை மட்டும் தைத்து மற்றதைத் தவறவிடக்கூடும். அந்த மான் நெடுந்தூரம் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் வதைபட்டு மடியும். உயிரெடுக்கத் துணிந்தவர் அதை வதைக்காமல் எடுக்கவேண்டியது அறம். இறைச்சியை வீணாக்குவதை ஒன்ராறியோவின் 1997 ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடைசெய்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேலிருந்து எய்யும்போது குறியை மரத்தடியிலிருந்து மான்வரையுள்ள கிடைத்தொலைவுக்கே வைக்க வேண்டும்; சரிவுத்தொலைவுக்கு வைத்தால் அம்பு மேலே போகும். உடலை இடுப்பில் வளைக்க வேண்டும். கையை மட்டும் தாழ்த்தினால் குறி பிசகும்.

ஆகவே 15 முதல் 20 அடி வரை என்பதே அனுபவமுள்ளோர் பலர் கொள்ளும் அளவு. அதற்குள் எது என்பதை மரமே தீர்மானிக்கும். பின்னணியில் கிளைகளும் தடித்த அடிமரமும் இருந்தால் 15 அடியும் போதும். பின்னால் வெறும் வானம் தெரிந்தால் 20 அடியிலும் உருவம் பளிச்செனத் தெரியும். ஒக்ரோபர் தொடக்கத்தில் இலைகள் மறைத்த பரண், நவம்பரில் இலையுதிர்ந்தபின் மொட்டையாக நிற்கும். அப்போது மேலே ஏறுவதைவிட, பசுமை மாறாத ஊசியிலை மரத்துக்கு அருகே மாறுவது மேல். சரிவான நிலமாயின், மேட்டுப்பக்கம் நிற்கும் மானின் கண்மட்டத்திலேயே பரண் அமைந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

துணைவியாரின் கேள்விக்கு வருவோம். 15 அடியிலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியும், உயிரும் போகலாம். ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும் விழுந்தோர் பலர். எனவே உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டியை நிலத்திலேயே அணிந்து, மேலிருந்து அடிவரை தொங்கும் கயிற்றில் பிணைத்துக்கொண்டே ஏறவேண்டும். இடுப்புவார் மட்டும் போதாது. வில்லைக் கையில் கொண்டு ஏறாமல், பின்னர் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும். பட்டியில் நெடுநேரம் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கும். கால் ஊன்ற ஒரு வாரும், உதவிக்கு அழைக்கக் கைத்தொலைபேசியும் உடலோடு இருக்க வேண்டும்.

அன்பரே, முதல் ஆண்டு 15 அடியில் தொடங்குங்கள். அச்சமின்றி அசையாமல் இருக்கக்கூடிய உயரமே உமக்குரிய உயரம். அஞ்சுபவர் அசைவார், அசைபவரை மான் காணும். பருவம் தொடங்குமுன் அதே உயரத்திலிருந்து, பட்டியை அணிந்தபடியே எய்து பழகுங்கள். எந்தக் காடு, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர் என்பதை எழுதித் துணைவியாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். எத்தனையோ இடர் கடந்து இந்த மண்ணை அடைந்தவர்கள் நாம். ஒரு கயிற்றைப் பிணைக்க மறந்ததால் எம்மில் ஒருவரை இழக்கலாகாது.