கைப்பேசி கேட்கத் தயார். பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் போவது யார்?
வடசென்னைப் பிள்ளைகளும் ஆங்கிலப் பேச்சும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டிய சாலையில் ஒருமுறை போய் வந்தாலே போதும், கன்டெய்னர் லாரிகளின் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதை அடுத்துக் காட்டுப்பள்ளி என்று தமிழகம் உலகத்தோடு வணிகம் செய்யும் பெரிய வாசல்கள் இங்கேதான் இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டதும் நம் ராயபுரத்திலிருந்துதான்.

இந்தச் சரக்குகள் எல்லாம் நகர்வது ஆங்கிலத்தில். பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில், டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் என்று ஒவ்வொரு தாளும் ஆங்கிலம். லாரி ஓட்டுபவர், சுமை ஏற்றி இறக்குபவர், சீல் நம்பர் பார்ப்பவர் நம் தெருக்காரர்களாக இருக்கிறார்கள். அதே சரக்குக்காக வெளிநாட்டு ஏஜென்டுக்கு மின்னஞ்சல் எழுதுபவரும் தொலைபேசியில் பேசுபவரும் பல நேரங்களில் வேறு பகுதியிலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் இடையே உள்ள சம்பள வித்தியாசத்தை இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழக அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை, தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை மீண்டும் உறுதி செய்தது. மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தொலைக்காட்சிகளில் நடக்கட்டும். நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது மொழி நம் பிள்ளைகளின் நாவுக்கு வந்து சேர்ந்ததா?

எழுத வருகிறது, பேச வரவில்லை

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரும் நம்மில் ஏராளம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாயடைத்து நிற்கிறது. இலக்கணம் தெரியாததால் வந்த நிலை அல்ல இது. அந்தப் பிள்ளை அதுவரை ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசியதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பிள்ளைகளையே பேசவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. தெருவில் நான்கு வார்த்தை பேசினால் "பீட்டர் விடுறான்" என்று சிரிப்பார்கள். தப்பாகப் பேசினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. மாலையில் டியூஷனுக்குத் தொலைவில் அனுப்பத் தயங்கும் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

பேசிப் பழக, சிரிக்காத, சலிக்காத, தப்பைக் கேட்டுக்கொள்ளும் ஒரு துணை வேண்டும். இணையத் தொழில்நுட்பம் கடந்த சில ஆண்டுகளில் கொண்டுவந்திருக்கும் பெரிய மாற்றம் இந்த இடத்தில்தான்.

சொல்லிக் கொடுத்த கருவி இப்போது கேட்கிறது

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் சுமார் 1,500 சொற்களை மட்டும் வைத்து, மெதுவாக வாசிக்கும் ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. உலகம் முழுவதும் பலர் அதைக் கேட்டு ஆங்கிலம் பழகினார்கள். 2009இல் வங்கதேசத்தில் பிபிசி ஜனாலா என்ற சேவை வந்தது. சாதாரண பட்டன் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்தால் சில நிமிட ஆங்கிலப் பாடத்தைக் கேட்கலாம். ஏழை முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஒரு நாட்டில், கணினி இல்லாமலே பாடம் வீடு தேடி வந்தது.

நம் மாநிலத்தில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் அச்சிடப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2016இல் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை குறைந்து, யூடியூப் ஆங்கிலப் பாடங்கள் எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டன. இவை எல்லாமே ஒருவழிப் பாதைகள். கருவி பேசும், பிள்ளை கேட்கும்.

2019இல் கூகுள் நிறுவனம் இந்தியாவில் போலோ என்ற செயலியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது ரீட் அலாங் என்ற பெயரில் தமிழ், உருது உட்படப் பல மொழிகளுக்கு விரிந்தது. பிள்ளை சத்தமாகக் கதை வாசிக்கும். செயலி அதைக் கேட்டு, தடுமாறும் சொல்லைத் திருத்தும். 2023 முதல் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுடன் குரலிலேயே உரையாட முடிகிறது. பாதை இருவழியாகிவிட்டது. பிள்ளை பேசுகிறது, கருவி கேட்கிறது.

இதற்கு எந்தச் சந்தாவும் கட்டத் தேவையில்லை. கைப்பேசி விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தை அழுத்தி, மொழியை ஆங்கிலம் என்று வைத்துப் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். பேசியதை அது எழுத்தாக்கும். 'ஷிப்' என்று சொன்னது 'சிப்' என்று விழுந்தால் எங்கே பிசகு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஹைதராபாத்திலும் காளிக்குப்பத்திலும் நடந்தது

ஏழைப் பிள்ளைகளிடம் இது எடுபடுமா என்ற கேள்விக்குப் பழைய ஆய்வுகளே பதில் தருகின்றன. ஹைதராபாத்தில் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில், சுகதா மித்ராவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உள்ள ஒரு கணினியும் சில ஆங்கிலப் படங்களும் கொடுக்கப்பட்டன. 16 பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, வாரத்தில் சில மணி நேரம் வீதம் ஐந்து மாதம் பழகினார்கள். ஆசிரியர் தலையீடு மிகக் குறைவு. முடிவில் அவர்களது உச்சரிப்பு தெளிவாக மேம்பட்டிருந்தது.

அதே மித்ரா பின்னர் தமிழ் பேசும் காளிக்குப்பம் கிராமத்தில் இன்னொரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் இருந்த உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் ஏற்றிப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். தாங்களாகவே படித்து 30 சதவீத மதிப்பெண் அளவுக்கு வந்தார்கள். அடுத்த கட்டத்தில் அந்தப் பாடம் கொஞ்சமும் தெரியாத ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவர் செய்தது ஒன்றுதான். பாட்டி பேரப்பிள்ளைகளிடம் கேட்பதுபோல "அட, இதை எப்படிச் செய்தாய்? இன்னொரு தடவை காட்டு" என்று பின்னால் நின்று ஊக்கப்படுத்தினார். மதிப்பெண் 50 சதவீத அளவுக்கு உயர்ந்தது. 2010இல் வெளியான இந்த ஆய்வு, அந்தப் பிள்ளைகள் டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையாக வந்ததைக் காட்டியது.

மித்ராவின் முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. டெல்லியில் அவர் சுவரில் பதித்த கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாட்டிலேயே நேரத்தைக் கழித்தார்கள் என்று மார்க் வார்ஷவர் போன்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது. கருவியை மட்டும் கொடுத்தால் விளையாட்டு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் படிப்பு. உட்காருபவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

"எனக்கே இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று கேட்கும் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மதரஸாவில் பழகிய நாவு

நம் பிள்ளைகளிடம் இன்னொரு செல்வமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள சில ஒலிகள் தமிழில் இல்லை. 'ஃபேன்' என்பதன் முதல் ஒலி, 'ஜீரோ' என்று நாம் சொல்லும் சொல்லின் சரியான முதல் ஒலி, 'தேங்க்ஸ்' என்பதில் நாக்கு பல்லைத் தொடும் ஒலி, 'திஸ்' என்பதன் முதல் ஒலி ஆகியவற்றில் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். குர்ஆன் மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு இவை புதியவை அல்ல. ஃபா, ஸாய், ஸே, தால் என்ற அரபு எழுத்துகளின் மக்ரஜைப் பல ஆண்டுகள் ஹஜ்ரத்திடம் பழகிய நாவு அது. அரபியில் இல்லாத 'ப' என்ற வல்லொலியைத் தமிழ் தந்துவிடுகிறது.

ஒலியைப்போல முறையும் நமக்குப் பழக்கமானதுதான். ஹஜ்ரத் ஓதிக் காட்டுவார், பிள்ளை கேட்டுத் திரும்ப ஓதும், அவர் திருத்துவார், மறுபடி ஓதும். மறுநாள் பழைய பாடத்தை ஒப்பித்த பிறகே புதிய பாடம். இன்று மொழிப் பயிற்சிச் செயலிகள் செய்வதும் ஏறத்தாழ இதையேதான். "நீ தஜ்வீத் பழகியதுபோல இதையும் பழகு" என்று சொன்னால் நம் பிள்ளைக்குப் புரியும்.

கவனிக்க வேண்டியவை

கருவியின் காது எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்கள் வெள்ளையர் பேச்சைவிடக் கறுப்பின மக்களின் பேச்சில் ஏறத்தாழ இருமடங்கு பிழை செய்தன. ஆகவே கருவி தப்பாக எழுதினால் எப்போதும் பிள்ளைதான் தப்பு என்று முடிவு செய்யாதீர்கள்.

தனியுரிமையும் முக்கியம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. சாட்ஜிபிடியின் விதிகளும் 13 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிப்பதில்லை. பெயர், பள்ளி, முகவரி, புகைப்படம் எதையும் கொடுக்காமல் பெரியவர் கணக்கில், பெரியவர் முன்னிலையில் பயன்படுத்துவதே நல்லது. இவற்றிடம் மொழியை மட்டும் பழகுங்கள். மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். இல்லாததை இருப்பதுபோலச் சொல்லும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு.

"மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கட்டணமும் தவணைக் கடனும் பேசுபவர்களிடம் எச்சரிக்கை தேவை. நாட்டிலேயே பெரிய இணையக் கல்வி நிறுவனமாக இருந்த பைஜூஸ் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றதை நாம் பார்த்தோம். இலவசச் சேவையும் நிரந்தரமல்ல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பணிகளே 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உத்தரவால் முடங்கின. எந்த ஒரு செயலியையும் நம்பி இருக்காமல், தினமும் பேசும் பழக்கத்தை நம்புவோம்.

மஹல்லா என்ன செய்யலாம்?

பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். பகலில் அது அத்தாவோடு வேலைக்குப் போய்விடும். ஹைதராபாத் பிள்ளைகள் குழுவாக ஒரே கணினியில் பழகியதை நினைவில் வைத்தால் இது பெரிய தடை அல்ல. அக்கம்பக்கத்து நான்கு பிள்ளைகள், ஒரு கைப்பேசி, இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம், பக்கத்தில் ஒரு தாய். செலவு இவ்வளவுதான். ஒருவர் பேச மற்ற மூவரும் கேட்கட்டும். சிரிக்கக் கூடாது என்பது முதல் விதி.

பள்ளிவாசல் ஜமாஅத்துகள் மதரஸா நேரம் முடிந்த பிறகு ஓர் அறையையும் வைஃபையையும் வாரத்தில் இரண்டு நாள் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் வைக்கலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் மஹல்லா இளைஞர்கள் வாரம் அரைமணி நேரம் வீடியோ அழைப்பில் வந்து பிள்ளைகளுடன் ஆங்கிலத்தில் பேசினால், கருவி தர முடியாத மனித உரையாடல் கிடைக்கும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியின் தொழிலையே பாடமாக்கலாம். கன்டெய்னர் தாமதமானதை வாடிக்கையாளரிடம் விளக்குவது, கப்பல் எப்போது வரும் என்று கேட்பது என்று உரையாடல்களைப் பழகலாம். கப்பல் வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்களுக்கு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கடல்சார் தொடர்புக்கான நிலையான ஆங்கிலத் தொடர்கள் இருக்கின்றன. 1990இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தபோது, பணியாளர்களுக்குள் பொதுவான மொழி இல்லாததும் மீட்பைக் கெடுத்தது. கடலில் மொழி உயிர் காக்கும் விஷயம்.

பிற மொழி கற்பது நமக்குப் புதிதல்ல. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டதும், அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. சென்னையில் நம் முன்னோர் 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் நியூ கல்லூரி 1951இல் பிறந்தது. அவர்கள் கட்டடம் எழுப்ப அரை நூற்றாண்டு உழைத்தார்கள். நம்மிடம் கருவி கையிலேயே இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது தினமும் இருபது நிமிடமும் பிள்ளையின் பக்கத்தில் ஓர் இடமும்தான்.

இன்று இரவே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.