நாரையை நகரச் சொல்லலாமா?

நில அளவைத் துறையில் 33 வருடம் சங்கிலியும் கையுமாக அலைந்தவன் நான். ஓய்வு பெற்றதும் மகன் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். அதன் திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என நான்கு கோடுகள். 'இங்கேயும் புலப்படமா!' என்று சிரித்துக்கொண்டேன்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பறவையை வைக்க வேண்டும், நடுவில் வைக்கக் கூடாது என்பது விதி. மூன்றில் ஒரு பங்கு விதி என்கிறார்கள். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் தன் புத்தகத்தில் இந்தப் பெயரை எழுதி வைத்தார். பொன் விகிதம் என்று இன்னொன்றும் உண்டு. 1.618 கணக்கு. அதன்படி, நூற்றுக்கு 33-இல் விழும் கோடு 38-இல் விழும். அவ்வளவுதான்.

விதி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கோடியக்கரையில் ஆரம்பத்தில் நான் எடுத்த வெளிமான் படங்களில், ஓடுகிற மான் சுவரில் முட்டப் போவதுபோல் இருக்கும். முன்னால் இடம் விடவேண்டும் என்று கற்றுக்கொடுத்தது இந்தக் கோடுகள்தான். அளவுக் கணக்கு நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளப் பிரமாணம் எடுப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது மெழுகு. சொன்னபடி வளையும். நாரை வளையுமா?

இதை எழுத வைத்தது போன தை மாதம் வடுவூரில் நடந்தது. மன்னார்குடி–தஞ்சாவூர் சாலையில் உள்ள ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அங்கே வரும். பனி விலகாத காலை. கரையில் நாலைந்து பையன்கள், நீள நீள லென்ஸோடு. கருவேல மரத்தில் நத்தைகுத்தி நாரை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு பையன் கை தட்டினான். அது அசையவில்லை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான். அந்த ஒரு நாரை மட்டுமா? மரமே காலியாகிவிட்டது.

"ஏன் தம்பி இப்படி?" என்றேன்.

"நடு சென்டர்ல உக்காந்திருக்கு சார். காம்போஸிஷன் வரல."

"நீ ரெண்டு அடி தள்ளி நின்னா வந்துட்டுப் போவுது. இல்ல, வீட்டுக்குப் போய் ஓரத்த வெட்டிக்க."

பதில் இல்லை. அவனுக்குப் படம் கிடைத்துவிட்டது. பறந்த பறவைகளுக்கு? இரை பொறுக்கிவிட்டு இளைப்பாற உட்கார்ந்தவை அவை. இதுவே கூடு கட்டும் காலமாக இருந்தால், தாய் எழுந்துபோன நேரத்தில் முட்டைக்கு வெயில், காக்கைக்குக் கொண்டாட்டம்.

எத்தனையோ பங்காளித் தகராறுகளுக்கு நடுவே அளந்திருக்கிறேன். கோட்டின் குறுக்கே மரம் இருந்தால் சுற்றிக்கொண்டு போய்த்தான் அளப்போம். மரத்தைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

இன்னொன்று. நம் டெல்டாவில் மலையா இருக்கிறது? மேலே பாதி வானம், கீழே பாதி தண்ணீர். காற்றில்லாத காலையில் கொக்கும் அதன் நிழலும் கால் சேர்ந்து நிற்கிற இடம் சரியாக நடுவில்தான் இருக்கும். அப்படி ஒரு படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'பறவை மையத்தில் உள்ளது' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருத்தம்தான், மறைப்பானேன்.

அதே படத்தைக் கமலாலயக் கரையில் தினமும் என்னோடு நடக்க வரும் நண்பரிடம் காட்டினேன். விவசாயி. ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொக்கு நடுவுல நின்னா, நடுவுலதானே அண்ணே தெரியும்?" என்றார்.

கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.