இது யார் கிளாஸ்?

காலேஜ் சிம்போசியத்துல டீ பிரேக் பார்த்திருப்பீங்க. மேஜை முழுக்க ஒரே மாதிரி பேப்பர் கப். கீழே வச்சுட்டு, ஃப்ரெண்டுக்கு ஒரு ‘ஹாய்’ சொல்லிட்டுத் திரும்பினா, நம்ம கப் எதுன்னு பிரம்மாவுக்கே வெளிச்சம்! புதுசா இன்னொண்ணு எடுத்துக்க வேண்டியதுதான்.

இதே அவஸ்தை வெள்ளைக்காரங்க வீட்டு விருந்துலயும் உண்டு பாஸ். நின்னுக்கிட்டே பேசி, நடந்துக்கிட்டே குடிக்கிற ஆளுங்க. கிளாஸ் எல்லாம் ஒரே செட். அதுக்கு அவங்க வச்சிருக்கிற குட்டி வைத்தியம்தான் ‘வைன் கிளாஸ் சார்ம்’. கிளாஸோட ஒல்லியான தண்டுல மாட்டுற மணி வளையம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ‘நீல மீன் என்னோடது, மஞ்சப் பூ உன்னோடது’... அவ்ளோதான் மேட்டர். அமெரிக்கா, இங்கிலாந்துல கிறிஸ்துமஸுக்கும் புதுவீட்டுக்கும் இதைக் கையாலயே செஞ்சு பரிசாக் கொடுக்குறாங்க.

‘வைனா?’ன்னு முறைக்காதீங்க. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டை 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்ப, ரோமானியர்களோட வைன் ஜாடித் துண்டுகளும் கிடைச்சது, கண்ணாடி மணிகளும் கிடைச்சது. ரெண்டுமே நமக்குப் பழைய பழக்கம்! தவிர, திராட்சை ஜூஸ் ஊத்தினாலும் அந்த வளையம் அழகாத்தான் தொங்கும்.

நான் இதுல இறங்கினதுக்குக் காரணம் எங்க பெரியப்பா பொண்ணு. இங்கிலாந்துல எம்.எஸ். படிக்கிறா. ஒரே வீட்ல ஆறு பேர், ஆறு நாடு. ஊர் போய் நாலு மாசம் ஆகியும் ‘குட்மார்னிங்’ தாண்டி யாரோடயும் பேசலையாம். ‘ஒருநாள் எல்லாருக்கும் நானே சமைச்சுப் போடப்போறேன்டா’ன்னு போன்ல சொன்னா. குரல்ல கொஞ்சம் உதறல். சரி, நம்ம பங்குக்கு ஆறு வளையம்!

தேவையானது ரொம்பக் கம்மி. வளையக் கம்மல் செய்யறதுக்குன்னு விக்கிற 25 மி.மீ. கம்பி வளையம். சென்னைன்னா பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கம் அலைஞ்சா கிடைக்கும். ஒரு சின்ன நோஸ் பிளேயர். அப்புறம் மணிகள். இதுக்குக் கடைக்கே போக வேணாம். அம்மா டிராயரைத் திறங்க. ஜோடி தொலைஞ்ச ஒத்தைக் கம்மல், அறுந்துபோன பாசிமணி மாலை, தங்கச்சியோட பழைய சலங்கையில இருந்து விழுந்த முத்து... புதையல்! எனக்கு மொத்தச் செலவு 180 ரூபாய். அதுலயும் பாதி பஸ் டிக்கெட்.

டிராயர்ல குன்றிமணி இருந்தா மட்டும் அப்படியே மூடி வச்சிடுங்க. பார்க்க ஜோரா இருக்கும். உள்ளே ஆப்ரின்னு ஒரு கடும் விஷம். ஓட்டை போட்ட குன்றிமணியைக் குடிக்கிற கிளாஸ் பக்கமே கொண்டு போகக் கூடாது.

வளையத்தோட ஒரு முனையில காது இருக்கும், மறுமுனை நேரா இருக்கும். நேர் முனை வழியா மணியைக் கோத்துட்டு, கடைசி 4 மி.மீ.-யை பிளேயரால மேல் பக்கமா மடக்குங்க. அது காதுல கொக்கி மாதிரி மாட்டிக்கும். ஒரே மடக்குல முடிச்சிடணும். இப்படியும் அப்படியும் ஆட்டினா கம்பி இறுகி இறுகிப் பட்டுனு ஒடிஞ்சிடும். மெக்கானிக்கல் பசங்க ‘வொர்க் ஹார்டனிங்’னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ற சமாச்சாரம் இதுதான். வளையத்தோட சுற்றளவு 78 மி.மீ. சொச்சம். 2 மி.மீ. பாசிமணி 39 பிடிக்கும்னு கணக்கு வரும். ஆசைப்பட்டு முழுசும் கோக்காதீங்க, கொக்கி மாட்ட இடம் வேணும். நான் நடுவுல பெரிய மணி ஒண்ணு, ரெண்டு பக்கமும் பன்னிரண்டு பாசிமணின்னு வச்சேன்.

கலரை மட்டும் மாத்தினா போதாது, உருவத்தையும் மாத்துங்க. சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியிற ஆண்கள் நாம நினைக்கிறதை விட அதிகம்.

இங்க ஒரு நிமிஷம் சீரியஸ். கிளாஸுக்கு அடையாளம் வைக்கிறது நமக்குப் புதுசு இல்ல. கீழடியில கிடைச்ச பானை ஓடுகள்ல ஆதன், குவிரன்னு பேர் கீறியிருக்கு. பாட்டி வீட்டு எவர்சில்வர் குடத்துல புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு. அதெல்லாம் ‘இது என்னோடது’ன்னு சொல்றதுக்கு. ‘நீ இதைத் தொடாதே’ன்னு சொல்றதுக்கும் அடையாளம் வச்சாங்களே... டீக்கடை இரட்டைக் குவளை! தலித் மக்களுக்குத் தனி கிளாஸ், இல்லேன்னா கொட்டாங்குச்சி. பொது ஓட்டல் பாத்திரத்தைத் தீண்டாமை பார்த்துத் தர மறுத்தா குற்றம்னு 1955-லயே சட்டம் வந்தாச்சு. அதுக்குப் பிறகும் பல ஊர்கள்ல இது ஓடிச்சு.

டீக்கடையை விடுங்க. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்குன்னு பின்கட்டு ஜன்னல்ல ஒரு டம்ளர் தனியாக் கவுத்தி வச்சிருக்கா? போய்ப் பார்த்துட்டு வாங்க. இருந்தா, இந்த லீவுல அம்மாகிட்ட பேசிப் பாருங்க. சண்டை வரும். பரவாயில்ல.

அதனால என் செட்டுக்கு ஒரு கண்டிஷன் வச்சேன். ஆறும் வேற வேற, ஆனா ஆறுல எதுவும் மட்டம் கிடையாது. ஒண்ணுல சலங்கை முத்துன்னா இன்னொண்ணுல பிளாஸ்டிக் மணி கூடாது. யார் பேரும் எழுதல, யாருக்கும் எதையும் ஒதுக்கல. ஒரு கிண்ணத்துல போட்டு வாசல்கிட்ட வைக்கணும். வர்றவங்க பிடிச்சதை எடுத்து மாட்டிக்கணும். இதை ஒரு அட்டையில எழுதி, வளையங்களை அதுலயே குத்தி அனுப்பினேன். ‘கழுவுறதுக்கு முன்னாடி கழட்டிடு, இல்லேன்னா பாலிஷ் போயிடும்’னு கீழே பொடி எழுத்துல ஒரு எச்சரிக்கை.

விருந்து அமோகமாம். அக்கா குடிக்க மாட்டா. அவ வைன் கிளாஸ்ல ஆரஞ்சு ஜூஸ், தண்டுல ஒத்தைக் கம்மல். ‘இது என்ன கல்லு, யாரோடது?’ன்னு பக்கத்து ரூம் பொண்ணு கேட்க, அந்தக் கம்மலோட ஜோடி கல்யாண வீட்ல தொலைஞ்ச கதை அரைமணி நேரம் ஓடியிருக்கு.

கழுவும்போது எண்ணிப் பார்த்தா அஞ்சுதான் இருந்துச்சாம். சலங்கை முத்து வளையத்தை யாரோ பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயாச்சு. அதனால மக்களே, ஆறு பேருக்குன்னா எட்டா செஞ்சு அனுப்புங்க.